டி மோர்கனும் ‘எல்லாரும்’ என்ற சொல்லும்

இலங்கையில் உயர்தர வகுப்புக் கலைப்பிரிவு மாணவருக்குரிய பாடங்களுள் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்பது ஒன்று. டி மோர்கனின் விதிகள் என இரு விதிகளை அப்பாடத்தைப் பயில்வோர் அறிவர். நெடுந்தீவு தொடக்கம் வேலணை வரையுள்ள தீவகத்து மாணாக்கரும், பிற இடத்து மாணாக்கரைப் போலவே, அவற்றை மனனஞ் செய்து வினாத்தாளில் எழுதிவிட்டு மறந்துபோகின்றனர். விதிக்குரியவர் யார், எத்தகைய சமுதாயத்தில் வாழ்ந்தார், எதனை எதிர்த்து நின்றார் என்பன பாடத்திட்டத்துக்குப் புறம்பானவை. இது ஒரு குறை. இதற்கு மறுதலையான குறையொன்றும் உண்டு. டி மோர்கன் மதுரையிற் பிறந்தவர் என்ற செய்தி தெரிந்தவுடன் அவரை ‘எம் மண்ணின் மைந்தர்’ ஆக்கிவிடும் ஆர்வம் சிலரிடையே தலைதூக்குகின்றது. முன்னைய குறை மனிதனை நீக்கிவிட்டுச் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றது; பின்னையது சூத்திரத்தை நீக்கிவிட்டுப் பிறப்பிடத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றது. இரண்டினாலும் பயனில்லை.

‘டி மோர்கன் மதுரையிற் பிறந்தார், ஆகவே அவர் எம்மவர்’ என்ற வாதத்தை அவருடைய அளவையைக் கொண்டே நோக்குவோம். இவ்வாதத்தில் ஓர் எடுகூற்று மறைந்து நிற்கின்றது. ‘மதுரையிற் பிறந்தோர் எல்லாரும் எம்மவர்’ என்பதே அது. வெளிப்படையாகச் சொன்னவுடன் அதன் பொய்ம்மை புலனாகும். கொம்பனிப் படைத்தளத்தில் அதிகாரிகளின் வீட்டிற் பிறந்த குழந்தைகளும் மதுரையிற் பிறந்தவைகளே. ‘எல்லாரும்’ என்ற சொல் வாய்க்குள் விழுங்கப்பட்டதனாலேயே வாதம் உண்மைபோலத் தோன்றியது. அவருடைய வாழ்வையும் ஆக்கத்தையும் எடைபோட முனையும் எமக்கு இச்சொல்லே அளவுகோலாகப் பயன்படும். ‘எல்லாரும்’, ‘பெரும்பாலோர்’, ‘சிலர்’, ‘ஒருவரேனும்’ ஆகிய சொற்களைக் கணக்குப் பார்த்தே பயன்படுத்தவேண்டும் என்பதுதான் அவருடைய அளவையியலின் சாரம் என்று நாம் கருதுகிறோம்.

ஒகஸ்தஸ் டி மோர்கன் 1806 ஆம் ஆண்டு யூன் 27 ஆந் திகதி பிறந்தார். தந்தை யோன் டி மோர்கன் கிழக்கிந்தியக் கொம்பனியின் படையில் அதிகாரியாக இருந்தவர். காலத்தைக் கவனித்தல் வேண்டும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 இல். மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டது 1801 இல். பாளையங்களின் எதிர்ப்பு நசுக்கப்பட்டு ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன. குழந்தை பிறந்து இரு வாரம் நிறைவதற்குள், யூலை 10 இல், வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர் பிறந்த தொட்டில், அந்நியப் படையொன்று தான் கைப்பற்றிய மண்ணிற் கட்டிய தொட்டிலேயாகும். பிறந்த சிலகாலத்துள் குழந்தையின் வலக்கண் பார்வையிழந்தது. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அதன்பின் அவர் மதுரையைக் கண்டதில்லை. தமிழ் நிலம் அவருக்குக் கொடுத்தது இவ்வளவே. அவரிடமிருந்து நாம் பெறக்கூடியது இதனினும் பன்மடங்கு பெரிது.

பத்து வயதில் தந்தையை இழந்த அவர் பதினாறாம் வயதிற் கேம்பிறிட்ஜின் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். 1827 இற் கணிதத் தேர்வில் நான்காம் இடத்தைப் பெற்றார். எம். ஏ. பட்டமும், அதன்வழி வரும் கல்லூரிப் பதவியும் எட்டுந் தூரத்தில் இருந்தன. இடையில் நின்றது ஒரு கையொப்பம். பட்டம் பெறுவோர் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதாக எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. மாற்றுச் சபையோரும் யூதரும் நாத்திகரும் அவ்விதியால் வெளியே நிறுத்தப்பட்டனர். டி மோர்கன் நாத்திகரல்லர். தம்மை எச்சபையையுஞ் சாராக் கிறித்தவர் என்று கூறிக்கொண்டவர். எனினும், உள்ளத்தில் உள்ளதற்குக் கையெழுத்துக் கேட்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்று அவர் கருதினார். கையொப்பமிட மறுத்தார். கேம்பிறிட்ஜின் கதவு அவருக்கு மூடப்பட்டது.

அக்காலத்தில் இலண்டனிற் புதிய சருவகலாசாலையொன்று உருவாகியிருந்தது. பின்னர் யூனிவர்சிற்றிக் கல்லூரி எனப் பெயர்பெற்ற அந்நிறுவனம் 1826 இல், மதச் சோதனை எதுவுமின்றி எல்லாருக்கும் கல்வி என்ற கொள்கையின்மீது எழுந்தது. திருச்சபையின் ஏகபோகத்தை வெறுத்த வணிக, தொழில் வகுப்பாரும் சீர்திருத்தவாதிகளும் அதற்குப் பின்னணியாக நின்றனர். 1828 இல், இருபத்தொரு வயதில், டி மோர்கன் அதன் முதற் கணிதப் பேராசிரியரானார். மூன்றாண்டுகளில் உடற்கூற்றியற் பேராசிரியர் ஒருவரை ஆட்சிக்குழு தக்க காரணங் காட்டாது நீக்கியது. ஆசிரியனைக் காரணமின்றி நீக்கும் நிறுவனத்தில் எந்த ஆசிரியனும் சுதந்திரமாகப் போதிக்க இயலாது என்பது டி மோர்கனின் வாதம். 1831 இற் பதவி துறந்தார். அவரிடத்துக்கு வந்தவர் 1836 இல் நீரில் மூழ்கி இறக்கவே, மீண்டும் அழைக்கப்பட்டு அடுத்த முப்பதாண்டுகள் அங்கேயே கற்பித்தார்.

வகுப்பறைக்கு வெளியிலும் அவர் ஆசிரியராகவே இருந்தார். பயன்தரு அறிவைப் பரப்புங் கழகம், கல்லூரிக்குச் செல்ல வசதியற்ற மக்களுக்காக ‘பென்னிக் கலைக்களஞ்சியம்’ என்ற மலிவுப் பதிப்பை 1833 தொடக்கம் வெளியிட்டது. அதிற் கிட்டத்தட்ட ஆறிலொரு பங்கை எழுதியவர் டி மோர்கன். ‘கணிதத் தொகுத்தறிவு’ என்று இன்று மாணவர் படிக்கும் முறைக்கு அப்பெயர் நிலைபெற்றதும் 1838 இல் அக்களஞ்சியத்தில் அவர் எழுதிய கட்டுரை வாயிலாகவே. உயர்ந்த ஆய்வையும் பொதுமக்களுக்கான எழுத்தையும் வேறுவேறு சாதியாகப் பிரித்துப் பார்க்கும் எமது அறிஞர் சிலர் இதை மனங்கொள்ளல் நன்று.

இனி அவருடைய அளவையியலுக்கு வருவோம். அரிஸ்தோத்திலிடமிருந்து வந்த நியாயத்தொடை இரண்டாயிரம் ஆண்டுகளாக ஐரோப்பியக் கல்விக்கூடங்களை ஆண்டது. ‘மனிதர் எல்லாரும் இறப்பவர், சோக்கிரதர் மனிதர், ஆகவே அவர் இறப்பவர்’ என்ற உதாரணத்தை அறியாதார் இலர். அத்தொடை இரு அளவுகளையே கைக்கொண்டது: நிறை, குறை, அதாவது எல்லாம், சில. உலகில் நாம் பேசும் பேச்சில் இவ்விரண்டுக்கும் இடையிலேயே பெரும்பகுதி கிடக்கின்றது. இவ்விடைவெளியை டி மோர்கன் கண்டார். 1847 இல் அவர் வெளியிட்ட ‘முறைசார் அளவையியல்’ என்னும் நூலும், 1846 தொடக்கம் 1860 களின் தொடக்கம் வரை நியாயத்தொடையைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளும் அளவையியலைக் கணிதத்தின் அருகே கொண்டுவந்தன.

எளிய உதாரணம் ஒன்றை எமது நிலத்திலிருந்தே எடுப்போம். ஒரு தீவில் நூறு குடும்பங்கள் உள்ளன என வைத்துக்கொள்வோம். எழுபது குடும்பங்களுக்கு நன்னீர்க் கிணறு உண்டு. அறுபது குடும்பங்களுக்குப் பனங்காணி உண்டு. இரண்டும் உடைய குடும்பங்கள் இருக்கின்றனவா? பழைய அளவை வாய்திறவாது. ஏனெனில் ஈரெடுகூற்றிலும் ‘எல்லா’ என்ற சொல் இல்லை. டி மோர்கன் கணக்குச் சொல்வார்: எழுபதும் அறுபதும் நூற்றுமுப்பது, குடும்பங்களோ நூறே, ஆகவே முப்பது குடும்பங்களேனும் இரண்டையும் உடையன. தொகையே தெரியாவிடினும், ‘பெரும்பாலோருக்குக் கிணறு உண்டு, பெரும்பாலோருக்குக் காணி உண்டு’ என்றால் ‘சிலருக்கேனும் இரண்டும் உண்டு’ என்பது உறுதி. இதிலிருந்து ஓர் அடி மேலே சென்று ‘எல்லாருக்கும் இரண்டும் உண்டு’ என்பவன் பொய்யன். ஓர் அடி கீழே இறங்கி ‘ஒருவருக்கும் இரண்டும் இல்லை’ என்பவனும் பொய்யன். எடுகூற்று தாங்கும் அளவுக்கே முடிவு செல்லவேண்டும் என்ற ஒழுக்கத்தை எண்கணக்கின் உறுதியோடு அவர் நிலைநாட்டினார்.

அவருடைய பெயரால் வழங்கும் விதிகளும் இவ்வொழுக்கத்தின் பாற்பட்டவையே. இடைக்கால ஐரோப்பிய அளவையியலாளரும் அவற்றை ஓரளவு அறிந்திருந்தனர். எனினும் பொதுவிதியாக்கிப் புதிய அளவையியலில் இடங்கொடுத்தவர் டி மோர்கனே. இவ்விதிகள் மறுத்தலைப் பற்றியவை. ‘எமது தீவில் மருத்துவரும் உண்டு, மருந்தும் உண்டு’ என்று ஓர் உத்தியோகத்தர் கூறுகின்றார் என்க. இதனை மறுப்பதற்கு ‘மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை’ என்று நிறுவவேண்டியதில்லை. ‘இரண்டில் ஒன்றேனும் இல்லை’ என்று காட்டினாற் போதும். உத்தியோகத்தர் ‘மருத்துவர் இருக்கிறாரே’ என்று விடையிறுப்பாராயின் அவர் விடையிறுக்கவில்லை, நழுவுகிறார். மறுதலையாக, ‘படகோ வீதியோ ஒன்று சரியாக இருக்கின்றது’ என்ற கூற்றை மறுப்பவர் இரண்டும் பழுது என்று காட்டவேண்டும். ஒன்றைக் காட்டுதல் போதாது. முறைப்பாடு செய்யும் மக்களும் மறுமொழி கூறும் அதிகாரமும் நாள்தோறும் இவ்விதிகளினூடாகவே வழக்காடுகின்றனர். விதியை மனனஞ் செய்த மாணவன் இவ்வழக்கிலே அதனை அடையாளங் காணவில்லையெனின் அவன் கற்றது என்ன?

பின்வந்த அளவையியலாளர் இவ்விதியை ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்கும் விரித்தனர். ‘எல்லாருக்கும் உண்டு’ என்பதன் மறுப்பு ‘ஒருவருக்கும் இல்லை’ என்பதன்று. ‘ஒருவருக்கேனும் இல்லை’ என்பதே. எனவே ‘எல்லாரும்’ என்ற கூற்றை வீழ்த்த ஒருவர் போதும். இந்த ஒருவரை நாம் மறவாதிருப்போம்; மீண்டும் அவரைச் சந்திக்கவேண்டியுள்ளது.

டி மோர்கனின் மூன்றாவது பங்களிப்பு ஆழத்தால் எல்லாவற்றையும் விஞ்சியது. மனிதன் விலங்கு; ஆகவே மனிதனின் தலை விலங்கின் தலை. இது முறையான அனுமானம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் நியாயத்தொடையால் இதனை நிறுவ முடியாது என்று 1847 ஆம் ஆண்டு நூலில் அவர் சுட்டிக்காட்டினார். பின்வந்தோர் மனிதனுக்குப் பதிலாகக் குதிரையை வைத்து இவ்வுதாரணத்தைச் சொல்வர். அந்நியராட்சிக் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டாக்காலிகளாகத் திரியும் நெடுந்தீவில் அது இன்னும் பொருத்தமானது. குதிரையின் தலை விலங்கின் தலை என்று ஒரு சிறுவனுக்குத் தெரியும். இரண்டாயிரமாண்டு அளவைக்குத் தெரியவில்லை. காரணம் யாது? அவ்வளவை பொருளையும் அதன் குணத்தையும் மட்டுமே கண்டது. ‘இன்னதன் தலை’ என்பது குணமன்று. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையிலுள்ள தொடர்பு. தந்தை, மகன், முந்தியவர், பிந்தியவர், எசமான், ஊழியன் என்பனவெல்லாந் தொடர்புகளே. ஒரு தொடர்பைப் புரட்டினால் என்ன ஆகும், இரு தொடர்புகளைக் கோத்தால் என்ன ஆகும் என்பவற்றை 1860 ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் ஆராய்ந்தார். அமெரிக்கரான பேர்ஸ் முதலியோர் அவ்வழியிற் சென்றனர். இன்றைய கணித அளவையியலின் அத்திவாரங்களுள் ஒன்று இவ்வாறு இடப்பட்டது.

சமுதாயத்தை நோக்குவோருக்கு இதன் பொருள் பெரிது. ‘இவன் ஏழை’, ‘அவன் தாழ்ந்தவன்’ என்று பேசும்போது ஏழ்மையையும் தாழ்வையும் தோலின் நிறம்போல ஒருவனோடு ஒட்டிய குணமாகவே பழைய பார்வை காண்கின்றது. உண்மையில் அவை தொடர்புகள். நிலமுடையவன் ஒருவன் இருப்பதாலேயே நிலமற்ற கூலி ஒருவன் இருக்கிறான். தன்னை உயர்த்திக்கொள்பவன் இருப்பதாலேயே தாழ்த்தப்படுபவன் இருக்கிறான். தொடர்பைப் புரட்டிப் பார்த்தால் அதன் மறுமுனையில் நிற்பவன் வெளிப்படுவான். டி மோர்கன் தமது கண்டுபிடிப்பை இவ்வாறு சமுதாயத்தின்மீது பொருத்தவில்லை. பொருத்துவது எம் போன்றோரின் கடமை.

இத்துறையில் அவர் தனித்து நின்றவரல்லர். எடின்பரோவின் சேர் வில்லியம் ஹமில்ற்றன், பயனிலைக்கு அளவு கூறுங் கருத்தை டி மோர்கன் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று குற்றஞ்சாட்டியதால் எழுந்த விவாதம் பிரசித்தமானது. அவ்விவாதத்தாற் தூண்டப்பெற்று அளவையியலை மீண்டுங் கையிலெடுத்தவரே ஜோர்ஜ் பூலே. செருப்புத் தைப்பவரின் மகன்; பட்டம் பெறாதவர்; தாமே கற்றவர். அவருடைய முதல் அளவையியல் நூலும் டி மோர்கனின் நூலும் 1847 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. வேறொருவராயின் போட்டியாளனைக் கண்டு புழுங்கியிருப்பர். டி மோர்கனோ, 1849 இற் பூலே அயர்லாந்தின் கோர்க் நகரக் கல்லூரியிற் பேராசிரியராவதற்குத் துணைநின்ற நற்சான்றாளருள் ஒருவராக இருந்தார். இன்று கணினிகளை இயக்கும் மின்சுற்றுகள் பூலேயின் அட்சரகணிதத்திலும் டி மோர்கனின் விதிகளிலுமே தங்கியுள்ளன.

இந்தியாவை அவர் முற்றாக மறந்துவிட்டார் என்பதற்கில்லை. டில்லிக் கல்லூரி ஆசிரியரான இராமசந்திரர் என்பவர் மிகையும் குறையும் காணுங் கணக்குகளை நுண்கணிதத்தின் துணையின்றி அட்சரகணிதத்தாற் தீர்க்கும் நூலொன்றை 1850 இற் கல்கத்தாவில் வெளியிட்டார். அது டி மோர்கனின் கைக்கு எட்டியது. கொம்பனியின் இயக்குநரைத் தூண்டி, 1859 இல் இலண்டனில் அந்நூலை மறுபதிப்புச் செய்வித்துத் தாமே முகவுரை எழுதினார். இந்திய மனம் தன் மரபான அட்சரகணித ஆற்றலின் வழியே மீண்டும் ஆக்கம் பெறவேண்டும் என்பது அவரது கருத்து. கிரேக்கமும் சமற்கிருதமும் பேசிய இனங்களே அளவையியலைத் தனித்தனியே உருவாக்கின என்றும் அவர் ஏற்றுக்கொண்டார். ஐரோப்பியரல்லாதோரிடம் கற்பதற்கு ஒன்றுமில்லை என்ற இறுமாப்பு ஓங்கியிருந்த காலத்தில் இது பெரிய மனம்.

ஆனால் இங்கேயே அவரது எல்லையும் தெரிகின்றது. மேலுள்ள பட்டியலில் தமிழ் இல்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதை பௌத்த அளவையைப் பக்கம், ஏது, திட்டாந்தம் எனப் பகுத்து, அவற்றின் போலிகளையும் எண்ணிக் காட்டுகின்றது. மணிமேகலை அச்சேறியது 1890 களிலேயே. ஆதலால் டி மோர்கன் அறியாமற் போனதிற் குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில். இந்திய அறிவு ஏன் தேங்கிற்று என்று கேட்டவர், அந்நாட்டை ஆண்ட கொம்பனியின் பங்கு அதில் யாது என்று கேட்கவில்லை. தம் தந்தைக்குச் சம்பளங் கொடுத்த அதே கொம்பனியிடமே மறுமலர்ச்சிக்கு உதவி கேட்டார். 1857 இன் பேரெழுச்சி அடக்கப்பட்ட புகை ஆறுமுன்னர் வெளிவந்த அம்முகவுரையில், மறைந்து நின்ற மிகப் பெரிய எடுகூற்றை இந்த எடுகூற்றுவேட்டையர் கண்டிலர்.

பெண்களைப் பற்றிய அவரது நோக்கிலும் இவ்வாறே. பைரனின் மகளும் கணினிச் சிந்தனையின் முன்னோடியுமான ஏடா லவ்லேசுக்கு 1840 ஐ ஒட்டிய காலத்தில் அஞ்சல்வழிக் கணிதம் கற்பித்தவர் அவர். அம்மாணவியின் ஆற்றலைச் சரியாகவே மதிப்பிட்டார். ஆணாயிருந்தாற் கணித ஆராய்ச்சியாளராகச் சிறந்திருக்கக் கூடியவர் என்று 1844 இல் அவரது தாயாருக்கு எழுதினார். அதே கடிதத்தில், ஆழ்ந்த கணிதச் சிந்தனையின் பளுவைப் பெண்ணுடல் தாங்காது என்ற அச்சத்தையுந் தெரிவித்தார். கண்முன்னே நின்ற ஒருவரே ‘பெண்கள் எல்லாரும்’ என்ற கூற்றை உடைத்துக்கொண்டிருந்தார். அதனைக் கண்டும் பொதுக்கூற்றை அவர் கைவிடவில்லை. தம் அளவையைத் தம் காலத்தின் தப்பெண்ணத்தின்மீது திருப்பத் துணியாத இடம் இது.

எனினும் 1866 இல் அவர் துணிந்தார். உளத் தத்துவத்துக்கும் அளவையியலுக்குமான பேராசிரியர் பதவி வெற்றிடமானபோது ஜேம்ஸ் மார்ற்றினோ என்பவர் தகுதிமிக்கவராகக் காணப்பட்டார். அவர் யூனிற்றேறியன் சபைப் போதகர். சபைப் போதகரொருவரைத் தத்துவப் பீடத்தில் அமர்த்துவது கல்லூரியின் நடுநிலைமைக்கு மாறு என்று ஆட்சிக்குழுவிற் செல்வாக்குடையோர் வாதித்தனர், நியமனம் மறுக்கப்பட்டது. இரு பக்கத்தாரும் நடுநிலைமை என்ற சொல்லையே ஏந்தி நின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. டி மோர்கனின் நியாயம் தெளிவானது. ஒருவன் இன்ன நம்பிக்கையுடையவன் என்பதற்காக ஏற்பதும் மதச்சோதனை. அதற்காக மறுப்பதும் மதச்சோதனை. ‘எல்லாருக்கும்’ என்று எழுதிய கல்லூரி ஒருவரை வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே அது எல்லாருக்கும் உரியதன்று. அந்த ஒருவர் போதும். நவம்பர் மாதத்தில் அவர் பதவி துறந்தார். தமது வாழ்நாள் உழைப்பைக் கொடுத்த இடத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறினார். அடுத்த ஆண்டு, இலண்டன் கணிதச் சங்கத்தை உருவாக்கியோருள் ஒருவரான மகன் ஜோர்ஜ் இறந்தார். உடலும் உள்ளமும் தளர்ந்து 1871 மார்ச்சு 18 இல் டி மோர்கன் மறைந்தார்.

கூற்றும் நடத்தையும் ஒன்றான அரிய வாழ்வு இது. ஆயினும் முற்போக்கு நோக்குடையோர் இவ்விடத்தில் வணங்கி நின்றுவிட முடியாது. பதவி துறத்தல் தனிமனிதனின் ஆயுதம். டி மோர்கன் தேர்தலில் ஒருபோதும் வாக்களித்ததில்லை. பாராளுமன்ற வாசலை மிதித்ததுமில்லை. தாம் தூய்மையாக இருந்தாற் போதும் என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. அவர் இறந்த சில மாதங்களின் பின், அதே 1871 இல், பழைய சருவகலாசாலைகளின் மதச் சோதனைகள் பெரும்பாலும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. இளமையில் அவரை வெளியே நிறுத்திய கதவு திறந்தது. அதனைத் திறந்தது மாற்றுச் சபையோரும் தாராளவாதிகளும் பல்லாண்டுகள் நடத்திய கூட்டுப் போராட்டம். மறுப்பவனின் நேர்மை அப்போராட்டத்துக்கு வலுவூட்டும்; அதற்குப் பதிலாகாது.

இனி எம்மை நோக்குவோம். எமது வரலாற்றில் ‘எல்லாரும்’ என்ற சொல் செய்த கேட்டுக்கு அளவில்லை. கோயில் எல்லாருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டே ஒரு பகுதி மக்களை வெளிவீதியில் நிறுத்திய சமுதாயம் எம்முடையது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் வந்து நின்றபோது அவர்கள் கேட்டது சலுகையையன்று. ‘எல்லாரும்’ என்ற சொல்லின் பொருளை. இலண்டனில் ஒரு பேராசிரியர் தம் பதவியால் விலைகொடுத்துக் கேட்ட கேள்வியை எமது மக்கள் அடியும் இழிசொல்லும் பட்டுக் கேட்டனர்.

இதனினுங் கொடிய போலி ஒன்று உண்டு. ‘சிலர்’ என்பதிலிருந்து ‘எல்லாரும்’ என்பதற்குத் தாவுதல். 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களுங் குழந்தைகளும் உட்பட முப்பதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றோர் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சியங் கூறினர். படகிலிருந்தோர் செய்த குற்றம் என்ன? தமிழருட் சிலர் ஆயுதமேந்தினர். ஆகவே தமிழர் எல்லாரும் பகைவர். ஆகவே படகிலுள்ளோர் பகைவர். இந்த நியாயத்தொடையின் முதலடியிலேயே கொலை இருக்கின்றது. தீவகத்தில் இதனை மறந்தார் இலர், மறக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் அளவை ஒருபக்கத்துக்கு மட்டும் உரியதன்று. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முசிலிம் மக்கள், எழுபதினாயிரம் வரையானோர், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வேரோடு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணிநேரமே. அங்கும் ‘சிலர்’ என்பதே ‘எல்லாரும்’ ஆயிற்று. குமுதினியின் நியாயத்தைப் பொய்யென்று காட்டும் அதே விதி இந்நியாயத்தையும் பொய்யென்று காட்டும். ஒன்றுக்கு அழுது மற்றையதற்கு மௌனம் சாதிப்போர் துயரப்படுகிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை; நியாயம் பேசுகிறார்கள் என்பதையே மறுக்கிறோம். தமிழரைப் பற்றிச் சிங்கள இனவாதி கூறும் ‘எல்லாரும்’ பொய்யெனின், சிங்களவரைப் பற்றி எமது மேடைகளில் முழங்கப்படும் ‘எல்லாரும்’ எவ்வாறு மெய்யாகும்?

அளவையியல் படித்தாற் கொலைகள் நின்றுவிடும் என்று கூறுமளவுக்கு நாம் பேதைகளல்லேம். இனவாதத்துக்குப் பொருளாதார வேரும் அரசியல் வேரும் உண்டு. கரும்பலகையில் எழுதிய சூத்திரத்தால் அவை அறுபடா. ஆனால் அவ்வேர்கள் மண்ணுக்கு மேலே தளிர்விடும்போது சொற்களாகவே தளிர்விடுகின்றன. மறைந்த எடுகூற்றை வெளியே இழுத்துக் காட்டும் பழக்கமுடைய ஒருவரை ஏமாற்றுதல், அப்பழக்கமற்றவரை ஏமாற்றுவதினும் கடினம். மக்களை ஏமாற்றுவது கடினமாகும் இடத்திலேயே சனநாயகம் கால்கொள்கின்றது.

எனவேதான் பிறப்பிடப் பெருமையை நாம் வேண்டாமென்கிறோம். மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று வாதிப்போர் எம்மிடையே பலருளர். அறிஞர்களுக்குள் அதுபற்றிக் கருத்து வேறுபாடும் உண்டு. அப்பெருமைக்காகப் பிணங்குவோரிற் பலர், அக்காவியத்திலேயே உள்ள அளவைக் காதையைப் படித்ததில்லை. மண்ணுக்காகச் சண்டையிட்டு அறிவைக் கைவிடுதல் விந்தையான பக்தி. 1855 இல், இலண்டனில் டி மோர்கன் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், வட்டுக்கோட்டைச் செமினரியின் வழிவந்த கறல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். நவீன கணிதத்தைத் தமிழில் எழுத முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. அவ்வழி பின்னர் தூர்ந்ததற்கு மொழி காரணமன்று.

ஆசிரியர்களுக்கு நாம் கூறவிரும்புவது இதுவே. டி மோர்கனின் விதிகளைக் கற்பிக்கும்போது குறியீடுகளோடு நின்றுவிடாதீர்கள். அன்றைய பத்திரிகையை விரித்து, ‘எல்லாரும்’, ‘எவரும்’, ‘எப்போதும்’ என்ற சொற்களை மாணவரைக் கொண்டு அடிக்கோடிடச் செய்யுங்கள். ஒவ்வொன்றின் மறுப்பும் யாது, அம்மறுப்பை நிலைநாட்ட எத்தனை பேர் வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் போதும் என்று அவர்கள் கூறுவர். அந்த ஒருவர் யார், அவர் எங்கே வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அதற்குரிய விடையைப் பாடநூலிற் தேடிப் பயனில்லை, ஊருக்குள்ளேயே தேடவேண்டும்.